வட்டுப் படிமம் ஏற்றும் விழா

லாரிக்காரரின் மனைவி இறந்தபோது அவள் வேலை பார்த்த காப்பகத்தில் யாரும் எழுந்து நிற்கவில்லை. அவள் பயன்படுத்திய கணினியை அணைத்தபோதுதான் எழுந்து நின்றார்கள். தலைமைக் காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார் என்றும், பின்வரிசையில் இரண்டு பேர் விசும்பினார்கள் என்றும் காப்பகத்தின் மாத இதழில் படத்தோடு செய்தி வந்தது.

அது கண்ணால் பார்க்கக்கூடிய கணினியும் அல்ல. மெய்நிகர் இயந்திரக் காப்பகத்தில் ஊழியர்களின் மேசை மேல் ஒரு திரையும் விசைப்பலகையும் மட்டும்தான் இருக்கும். கீழ்த்தளத்தில் குளிரூட்டிய அறையில் ஓடுகிற பெரிய சர்வருக்குள், ஆளுக்கொன்றாகக் கணினி மாதிரி நடிக்கிற கணினிகள் இருந்தன. ஓர் ஊழியர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ, அவருடைய நடிப்புக் கணினியின் வட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், முழுவதையும் ஒரே ஃபைலாகக் கட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். அதற்கு வட்டுப் படிமம் என்று பெயர். படிமங்களைப் பாதுகாப்பதற்கென்றே மூன்று மாடிக் கட்டடம், வாசலில் பளிங்குப் படிகள், படிகளில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி. யாருக்காகப் பாதுகாக்கிறார்கள் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. லாரிக்காரர்தான் முதலில் போய்க் கேட்டார், அதுவும் தெரியாமல்.

அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பது பேச்சுக்குத்தான். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. அம்மாவும் மகளும் தங்களுக்குள்ளேயே ஒரு கைப்பேச்சை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்கிற சைகை அல்ல. இருவருமாக விளையாட்டுப்போக்கில் கட்டியது. லாரிக்காரர் வாரக்கணக்கில் நெடுஞ்சாலையில் இருப்பார். வீட்டுக்கு வந்தால் தூங்குவார். எழுந்து பார்த்தால் சமையலறையில் நாலு கைகள் படபடவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும். "என்ன சொல்றா?" என்று கேட்பார். மனைவி சொல்வாள். அவ்வளவில் அவருக்கும் மகளுக்கும் பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் தொலைபேசியில் மனைவி சொன்னாள்: "ஆபீஸ்ல மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் கேமராவைப் போட்டு உக்காந்துக்கறேன். சிட்டு பேசற ஒவ்வொண்ணையும் செஞ்சு காட்டி, அர்த்தமும் சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த வாரம் எடுத்துட்டு வர்றேன். லாரி நிக்கிற இடத்துல பாத்துக் கத்துக்குங்க. இனிமே உங்க பொண்ணுகிட்ட நீங்களே நேரா பேசுங்க, நடுவுல நான் எதுக்கு?"

அடுத்த வாரம் அவள் பேருந்தில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். லாரிக்காரர் சரக்கைப் பாதியிலேயே இறக்கிவிட்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் வெளியூர் ஓட்டத்தை விட்டுவிட்டார். ஊருக்குள்ளேயே தண்ணீர் வண்டி ஓட்டினார். பகலில் சிட்டுவைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்தாள். சிட்டு முதலில் நிறையப் பேசினாள். முகவாயில் விரல் முட்டியைத் தட்டி, உள்ளங்கையில் ஊதிக் காட்டுவாள். அவர் பால் கொண்டுவந்தார். தலையை ஆட்டினாள். பொம்மை கொண்டுவந்தார். போர்வை, பென்சில், சன்னலைத் திறப்பது, சன்னலைச் சாத்துவது. ஒவ்வொன்றுக்கும் அவள் இன்னும் மெதுவாக, மந்தமான பிள்ளைக்குச் சொல்வதுபோல, அதே சைகையைச் செய்து காட்டினாள். கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

காது கேளாதோர் பள்ளி ஆசிரியையிடம் அழைத்துப் போனார்கள். அவர் நல்ல மனுஷி. வெகுநேரம் சிட்டுவோடு தரையில் உட்கார்ந்து பார்த்தார். "எங்க சைகையெல்லாம் இவளுக்கு வந்துடும், நாளாகும். ஆனா இப்ப இவ பேசறது எங்களுக்கும் புரியலையே. அது வீட்டுப் பாஷை. அம்மாவைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

லாரிக்காரர் நேரே காப்பகத்துக்குப் போனார்.

தலைமைக் காப்பாளர் அவரை மரியாதையாக உட்காரவைத்தார். "உங்க இழப்பு எங்களுக்கும் பெரிய இழப்புதான். அந்த இயந்திரம் ஒருநாள்கூட மக்கர் பண்ணினது கிடையாது."

"ஐயா, நான் என் சம்சாரத்தைப் பத்தி..."

"அது பணியாளர் நலப் பிரிவு. அவங்க வேற கட்டடம். நாங்க இயந்திரம் மட்டும்தான்."

லாரிக்காரர் விஷயத்தைச் சொன்னார். தலைமைக் காப்பாளர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, தினமும் பயிற்சி வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் விளக்கினார். "படிமம்கிறது மூட்டை கட்டின வட்டு. அதை லினக்ஸ்ல, அதாவது கணினியை நடத்தற மென்பொருள்ல, ஒரு காலி அடைவில, ஃபோல்டர்னு சொல்வாங்களே, அதுல ஏத்தணும். ஏத்தினா உள்ள இருக்கறதெல்லாம் அந்த அடைவுக்குள்ள தெரியும். வேலை முடிஞ்சதும் இறக்கிடணும்."

"லோடா ஐயா? ஏத்தி இறக்கறதுதான் எனக்குத் தொழிலே. ஆளுகூட வேண்டாம், நானே ஏத்திக்கறேன்."

"இது அந்த ஏத்தம் இல்லப்பா. கண்ணுக்குத் தெரியாத ஏத்தம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"என்ன, ரெண்டு நிமிஷம்."

லாரிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்ப நான் இங்கயே இருக்கட்டுமா?"

தலைமைக் காப்பாளர் சிரித்தார். பெருமையும் இரக்கமும் கலந்த சிரிப்பு. "இந்தக் காப்பகம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு படிமத்தைக்கூட யாரும் திறந்ததில்ல. ஒரு கீறல் கிடையாது, ஒரு கைரேகை கிடையாது. நான் போற மேடையிலெல்லாம் இதைச் சொல்றேன். எப்படி ஏத்தறதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏத்தாம இருக்கோம் பாருங்க, அதான் கட்டுப்பாடு."

அந்த வருடம் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் 'பொதுமக்களுக்கு ஆற்றிய சேவை' என்ற தலைப்பின் கீழ் எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் லாரிக்காரர் அன்றைக்கே திரும்பியிருப்பார். தலைமைக் காப்பாளர், "முயற்சி பண்ணிப் பாப்போம்" என்றார்.

முயற்சி ஒரு கூட்டமாக நடந்தது. நீண்ட மேசையைச் சுற்றி அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். லாரிக்காரருக்குக் கதவோரம் ஒரு முக்காலி. கீழ்த்தளத்திலிருந்து சர்வர் அறையைக் கவனிக்கிற பெண் வரவழைக்கப்பட்டாள். குளிர் அறையிலிருந்து வந்தவள், கம்பளிச் சட்டையைக் கழற்றவும் மறந்து கணினிமுன் உட்கார்ந்தாள்.

"முழுப் படிமத்தையும் ஏத்து" என்றார் தலைமைக் காப்பாளர்.

"சார், முழுசா ஏத்தினா ஏறாது. உள்ள பார்ட்டிஷன் இருக்கு. அதைத் தனியாப் பிரிச்சுத்தான்..."

"முழுப் படிமம்."

அவள் ஏற்றினாள். இந்த வட்டின் தொடக்கத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த எதுவும் இல்லை என்ற பொருளில் லினக்ஸ் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுகொண்டது. அந்த வரியை ஓர் அதிகாரி உரக்கப் படித்தார். இன்னொருவர் எழுதிக்கொண்டார். 'படிமம் பழுது' என்று முடிவெடுத்து, தேநீருக்குச் சொன்னார்கள்.

லாரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, "உங்க லாரியை நினைச்சுக்குங்கண்ணா" என்றாள். "முன்னாடி இன்ஜின், அப்புறம் கேபின், அதுக்கும் பின்னாடிதானே சரக்கு? இதுலயும் அப்படித்தான். முன்னாடி எது எங்க இருக்குன்னு ஒரு அட்டவணை, அப்புறம் கொஞ்சம் வெத்திடம், அப்புறம் கணினி எழுந்திருக்கறதுக்கு ஒரு சின்னப் பகுதி, அதுக்கும் அப்புறம்தான் அக்காவோட ஃபைலெல்லாம். இப்ப நாங்க பானெட்டைத் திறந்து பாத்துட்டு சரக்கு இல்லைன்னு சொல்லியிருக்கோம்."

"அப்ப சரக்கு இருக்கா?"

"இருக்கும்ணா."

தலைமைக் காப்பாளர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் சொற்பொழிவு என்று எல்லோருக்கும் தெரியும். கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். "பார்ட்டிஷன்னா என்ன? பிரிவினை. எல்லாப் படிமமும் நமக்குச் சமம். ஒரு படிமத்துக்குள்ளயே இது முதல் பகுதி, இது ரெண்டாம் பகுதி, இதுல சரக்கு இருக்கு, அதுல இல்லைன்னு பேதம் பாக்கறதை இந்தக் காப்பகம் ஒருநாளும் அனுமதிக்காது. முழுசா வந்தது, முழுசா இருக்கும். முழுசாத் திறக்கலைன்னா, அது திறக்கவேண்டாம்னு நினைக்குதுன்னு அர்த்தம்."

கைதட்டல் எழுந்தது. லாரிக்காரரும் தட்டினார். தட்டாவிட்டால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்தார்.

ஆனாலும் ஆண்டறிக்கையில் அந்த இடம் காலியாகவே இருந்தது. சில நாட்களில் மொழிக்குழு ஒன்று கூடி, பார்ட்டிஷன் என்பதற்குப் பதிலாக 'உள்ளமைந்த ஒருமை' என்ற சொல்லைக் கண்டுபிடித்தது. உள்ளமைந்த ஒருமையை ஏற்றுவதில் கொள்கைச் சிக்கல் எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. மறுபடியும் லாரிக்காரரைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஓடினார்.

இப்போது காலி அடைவுதான் பிரச்சினை. படிமத்தை ஏற்ற ஒரு காலி அடைவு வேண்டும். காப்பகத்தில் காலியாக இருந்த அடைவுகள் எல்லாவற்றுக்கும் யாராவது ஓர் அதிகாரி சொந்தம் கொண்டாடினார். உள்ளே ஒன்றும் இல்லைதான், ஆனால் பதவி உயர்வு வந்தால் தேவைப்படும் என்றார்கள். புதிதாக ஒன்றைத் திறந்து, அது உண்மையிலேயே காலிதானா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு பல அமர்வுகள் உட்கார்ந்து, காலிதான் என்று விரிவான அறிக்கை தயாரித்து, அந்த அறிக்கையை அதே அடைவுக்குள் பத்திரமாக வைத்தது. அடைவு காலியில்லாமல் போயிற்று. இன்னொரு அடைவுக்கு இன்னொரு குழு.

லாரிக்காரர் ஒவ்வொரு தடவையும் வந்தார், முக்காலியில் உட்கார்ந்தார், வணக்கம் சொன்னார், போனார். வீட்டில் அக்கா வாசலிலேயே நிற்பாள். "என்னடா ஆச்சு?"

"காலியா இருக்கான்னு பாத்துட்டிருக்காங்கக்கா."

"எது?"

"தெரியலக்கா."

சிட்டு இப்போது கைகளை அசைப்பதே அரிது. பசித்தால் தட்டை எடுத்துவந்து முன்னால் வைத்தாள். தூக்கம் வந்தால் இருந்த இடத்திலேயே சாய்ந்தாள். எல்லா வீட்டிலும் பிள்ளை அடங்கியிருந்தால் நிம்மதி என்பார்கள். அவருக்கு அந்த அடக்கத்தைப் பார்க்கவே அச்சமாக இருந்தது.

ஒரு மதியம் அவர் காப்பகத்துப் படியில் நின்று காவலாளியிடம் உட்காரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் வெளியே வந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். "அண்ணா, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க. வாங்க" என்று கீழே அழைத்துப்போனாள்.

சர்வர் அறையில் பல் கிட்டிப்போகிற குளிர். அவள் படிமத்தின் அட்டவணையைப் பார்த்தாள். முன்பகுதியைத் தாண்டி, சரக்கு தொடங்குகிற இடத்தை லினக்ஸுக்குச் சொன்னாள். "படிக்க மட்டும்தான் ஏத்தறேன். நாம பாக்கலாம், எதுவும் எழுத முடியாது. அப்பதான் உள்ள இருக்கறது கெடாது" என்றாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

திரையில் 'அவருக்கு' என்று ஓர் அடைவு இருந்தது. அதற்குள் பெயர்கள். பசி. தூக்கம். வயிறு வலிக்குது. பயமா இருக்கு. எனக்குக் கோவம். அப்பா எப்ப வருவார்.

கடைசிப் பெயரை லாரிக்காரர் திரும்பவும் படித்தார். அதற்கென்று தனியாக ஒரு சைகை இருக்கும் அளவுக்கு அது அடிக்கடி பேசப்பட்ட பேச்சு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பெண் ஒரு பென்டிரைவைச் செருகி நகலெடுக்கக் கொடுத்தாள். "பெரிய ஃபைலுங்கண்ணா, கொஞ்சம் நேரமாகும். அதுக்குள்ள ஒண்ணு பாக்கறீங்களா?" 'பயமா இருக்கு' என்பதை அழுத்தினாள். அவர் மனைவி வந்தாள். அலுவலக நாற்காலி, கழுத்தில் அடையாள அட்டை. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கேமராவுக்கு மிக அருகில் வந்து, ரகசியம்போலச் சிரித்தாள். "என்னங்க, இது ரொம்ப முக்கியம். இதை அவ செய்யறப்ப நீங்க..."

கதவு திறந்தது. தலைமைக் காப்பாளர் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று அந்தப் பெண் எழுந்து நின்றாள். அவர் கோபிக்கவில்லை. திரையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "ஏறிடுச்சா! நம்ம காப்பகத்தோட முதல் ஏற்றம்! அடடா, இப்படி மூலையில உக்காந்து செய்யற காரியமா இது? இறக்கு, இறக்கு. இதை விழாவா செய்யணும். துறைத் தலைவரைக் கூப்பிடணும்."

"சார், நகல் போயிட்டிருக்கு. முடிஞ்சதும்..."

"நகலா? நகல் எடுத்தா அப்புறம் எது அசல்னு தகராறு வரும். நம்மகிட்ட நகலே கிடையாதுன்னு நான் எவ்வளவு பெருமையா சொல்லிட்டிருக்கேன்!" அவரே கையை நீட்டிப் பென்டிரைவைப் பிடுங்கினார்.

"ஐயா," என்றார் லாரிக்காரர், "இந்த ஒண்ணை மட்டும் முடிய விடுங்க. என்னவோ சொல்ல வந்தா."

"விழாவுல முன்வரிசை உங்களுக்குத்தான். பெரிய திரையில பாருங்க. இவ்வளவு சின்னதுல பாத்தா என்ன தெரியும்?"

அறையைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விழா அரங்கில் நடந்தது. மேடையில் பூ, பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் திரை. லாரிக்காரர் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். சிட்டுவை அழைத்துவர நினைத்து, கூட்டம் அவளைப் பயமுறுத்தும் என்று அக்காவிடம் விட்டு வந்திருந்தார்.

நிகழ்ச்சி நிரல் தலைமைக் காப்பாளரின் சொந்த யோசனை. வெறுமனே ஏற்றினால் பார்ப்பவர்களுக்கு என்ன சுவாரசியம்? அதனால் ஒரு பக்கம் அந்தப் பழைய கணினியையே மறுபடியும் ஓடவிட்டுத் திரையில் காட்டுவது. அதே நேரத்தில் துறைத் தலைவர் மேடையில் ஒரு பொத்தானை அழுத்தி அதே படிமத்தை வெளியிலிருந்து ஏற்றுவது. ஏற்றியதும் தன் கையெழுத்தை அதற்குள்ளேயே எழுதி வைப்பது.

அந்தப் பெண் மேடைக்குப் பின்னால் தலைமைக் காப்பாளரிடம் மன்றாடினாள். "சார், ஓடிட்டிருக்கற கணினியோட வட்டை வெளியிலேர்ந்து ஏத்தி எழுதக் கூடாது. உள்ளேர்ந்து அது எழுதும், வெளியிலேர்ந்து நாம எழுதுவோம். ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒண்ணு மேல ஒண்ணு எழுதிக் கெடுத்துடும். ஏதாவது ஒண்ணு மட்டும் செய்யுங்க. இல்லைன்னா படிக்க மட்டுமாவது ஏத்துங்க."

"படிக்க மட்டும் ஏத்தினா துறைத் தலைவர் எங்க கையெழுத்துப் போடுவார்? ஒரே கோப்புல ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம எழுதறது நம்ம ஆபீசுக்கு என்ன புதுசா? இத்தனை வருஷமா நடக்கல?"

மேடையேறிப் பேசினார். "இந்தக் காப்பகத்துக்குள்ள வந்த எதுவும் இதுவரைக்கும் வெளியில போனது கிடையாது. அது தகவலா இருந்தாலும் சரி, புகாரா இருந்தாலும் சரி." அரங்கம் அதிர்ந்தது. "ஒரு ஏழைத் தகப்பன் வந்து கதவைத் தட்டினார். நாங்க உடனே திறக்கல. முறைப்படி திறக்கறோம். அதான் வித்தியாசம்."

கணினி எழுந்தது. மனைவியின் திரை அரங்கத்தின் பெரிய திரையில் விரிந்தது. பின்னணியில் அவள் வைத்திருந்த படம்: மாவு அப்பிய இரண்டு சின்னக் கைகள். மூலையில் 'அவருக்கு'. லாரிக்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். பின்வரிசைக்காரர் உட்காரச் சொன்னார்.

துறைத் தலைவர் பொத்தானை அழுத்தினார். ஏறியது. விரலால் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் கோணிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி போட்டார். புகைப்படக்காரருக்காக இன்னொரு முறை போட்டார். பிறகு தலைமைக் காப்பாளர் மேடையிலிருந்தபடியே 'எனக்குக் கோவம்' என்பதைத் திறந்தார். மனைவியின் நெற்றி மட்டும் தெரிந்தது. கீழே சாம்பல் கட்டங்கள். அது உறைந்தது. கணினி நின்றது. மறுபடி எழுப்பினார்கள், எழவில்லை.

வட்டைச் சரிபார்க்கிற நிரல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தது. இந்த இடத்தில் இருப்பது யாருடையது என்று தெரியவில்லை, நீக்கலாமா? இதுவும் அதுவும் மோதுகின்றன, நீக்கலாமா? அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, "நிறுத்திடலாம் சார், அப்படியே விட்டா கொஞ்சமாவது மீட்கலாம்" என்றாள்.

"துறைத் தலைவர் காத்துட்டிருக்கார். எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லு."

"சார்..."

"தள்ளு. எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லித்தான் நான் இந்த நாற்காலிக்கே வந்திருக்கேன்." அவரே அழுத்தினார்.

நிரல் கேட்பதை நிறுத்தியது. 'அவருக்கு' என்ற அடைவு அங்கேயேதான் இருந்தது. திறந்தார்கள். அதைக் காலி என்று சொல்ல எந்தக் குழுவும் தேவைப்படவில்லை. துறைத் தலைவரின் கையெழுத்து மட்டும் பழுதில்லாமல் வந்திருந்தது. அதைப் பெரிய திரையில் காட்டினார்கள். தேசிய அளவில் இதுவே முதல் முறை என்று அறிவித்தார்கள். தேநீர் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் லாரிக்காரர் தலைமைக் காப்பாளரின் அறையில் நின்றார். அவர் கத்தவில்லை. "ஐயா, போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"என்ன போச்சு? வட்டு முழுசா இருக்கு, அளவு பாத்தாச்சு, ஒரு துளி குறையல. உள்ள இருந்ததுதான் இல்ல. எங்க பொறுப்பு வட்டுக்குத்தாம்ப்பா." கொஞ்சம் யோசித்து, நிஜமான கனிவோடு, "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

கூடவே நின்ற சர்வர் அறைப் பெண், அழுதழுது மூக்கு சிவந்திருந்தவள், மெல்லச் சொன்னாள். "சார், சரிபார்ப்புல ஒட்டாம உதிர்ந்த துண்டுகளை லினக்ஸ் ஒரு தனி அடைவில போட்டு வெச்சிருக்கு. தொலைஞ்சு கிடைச்சதுன்னு. எல்லாம் பேரில்லாத துண்டு. ஓட்டிப் பாத்தேன், ஒண்ணு மட்டும் கொஞ்சம் ஓடுது."

"பேரில்லாத ஃபைலுக்கு யாரும் உரிமை கோர முடியாதே."

"ஆமாம் சார். பேரில்லைன்னா அது காப்பகத்தோட கணக்குலயே வராது. கணக்குல இல்லாததைக் கொடுத்தா, இங்கேர்ந்து எதுவும் வெளியில போனதா ஆகாது."

தலைமைக் காப்பாளர் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். தர்க்கம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "இதைத்தான் நான் எல்லாரும் கத்துக்கணும்னு சொல்றேன்" என்றார்.

அவள் அந்தத் துண்டை லாரிக்காரரின் கைபேசியில் ஏற்றிக்கொடுத்தாள். "அண்ணா, அன்னிக்கு நான் முன்னாடியே நகல் எடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். அவருக்கு அவள் தலையில் கைவைத்து ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. "நீ ஒருத்தியாவது திறந்து காட்டினியேம்மா" என்றார்.

தண்ணீர் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தார். தொடக்கம் கிடையாது, முடிவு கிடையாது, குரல் கிடையாது. முகமும் கைகளும் மட்டும். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்து, ஒரு கையை இன்னொன்றின் மேல் முன்னால் வழுக்கவிட்டு, புருவத்தைத் தூக்கினாள். வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அதோடு சாம்பல். எத்தனை தடவை போட்டுப் பார்த்தும் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. பசியாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம்.

வீட்டில் சிட்டு தரையில் குப்புறப் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பிடித்திருக்கக் கூடாதோ என்று அக்கா பிற்பாடு சொன்னாள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

சிட்டு பார்த்தாள். திரையில் விரலை வைத்தாள். அம்மா கைகளைத் தேய்த்து வழுக்கவிட்டதும் சட்டென்று எழுந்தாள். எத்தனையோ நாளாகப் பார்க்காத முகம் அது. ஓடிப்போய்த் தன் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். மறுபடி உள்ளே ஓடினாள். கட்டிலுக்கடியில் தலையை விட்டு, முட்டி போட்டு, வெகு உள்ளேயிருந்து எதையோ இழுத்தாள். அவளுடைய அம்மாவின் செருப்புகள். இறந்தவளின் சாமான்கள் எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டதாக அக்கா நினைத்திருந்தாள். சிட்டு அவற்றைத் தன் பாவாடையால் துடைத்து, தன் செருப்புக்குப் பக்கத்தில், வெளியே பார்த்தமாதிரி ஒழுங்காக வைத்தாள். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே போகலாமா. அவ்வளவுதான் அது. மனைவி அவருக்காக விட்டுப்போன மொழியில் அவருக்குக் கிடைத்த ஒரே சொல்.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். சிட்டு கதவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள். அம்மா வரமாட்டாள் என்பதற்கு என்ன சைகை என்று அவருக்குத் தெரியாது. அப்படி ஒன்றை அம்மாவும் மகளும் உண்டாக்கியிருக்கவும் மாட்டார்கள்.

அவர் அவள்முன் மண்டியிட்டார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைகளைத் தேய்த்து, ஒன்றை ஒன்றின் மேல் வழுக்கவிட்டார். புருவத்தைத் தூக்கினார். அவள் வெகுநேரம் அவர் கைகளையே பார்த்தாள். அப்புறம், அவர் விரலைப் பிடித்துக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்தாள். மறுபடி செய்யச் சொல்லிக் காத்திருந்தாள். செய்தார். தலையசைத்தாள்.

இருவரும் தெருவில் நடந்தார்கள். ஒரு கையால் அவர் சுட்டுவிரலைப் பிடித்திருந்தாள். அம்மாவின் செருப்புகளை மற்றக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அவை கனமாக இருந்தன. ஓரிரு முறை நழுவின. அவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.